ஆண்டு விழாவும் பரிசளிப்பும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜனவரி கடைசியில் தொடங்கி முழுஆண்டுத் தேர்வு நெருங்கும் வரை தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆண்டு விழா சீசன். சில பள்ளிகளில் பொதுத்தேர்வு முடிவு வந்த கையோடு ஜூன், ஜூலையில் பரிசளிப்பை மட்டும் தனியாக வைப்பார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருப்பதால் இந்த மாதங்களில் எனக்கு ஒரே மாதிரியான போன்கள் வரும். பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல், விழா முடிந்து வீடு திரும்பியவர்களிடமிருந்து. அந்தக் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் அவர்களுக்கும் உதவும், எனக்கும் தூக்கம் மிச்சமாகும்.

என் பிள்ளைக்கு ஒரு பரிசும் இல்லை என்று முன்பே தெரியும். விழாவுக்குப் போகத்தான் வேண்டுமா?

பிள்ளை மேடையில் எதிலாவது இருந்தால் கட்டாயம் போங்கள். குரூப் டான்ஸில் மூன்றாவது வரிசையில் ஆடுகிற பிள்ளைகூட, விளக்கு கண்ணைக் கூசும்போதும், அம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் தேடும். எதிலும் இல்லை, வரவும் விருப்பமில்லை என்று பிள்ளையே சொன்னால் விட்டுவிடுங்கள். ஒரு மாலை போகாததால் ஒன்றும் கெட்டுவிடாது.

போவதென்றால் வீட்டிலேயே ஏதாவது சாப்பிடக் கொடுத்துவிடுங்கள். இறைவணக்கம், வரவேற்புரை, ஆண்டறிக்கை, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, அவருடைய உரை (ஐந்து நிமிடம் என்று சொல்லி முப்பது நிமிடம்), அப்புறம்தான் பரிசுப் பட்டியல். பசியோடு உட்கார்ந்திருக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு உலகத்தில் யார் பரிசு வாங்கினாலும் கோபம்தான் வரும்.

பக்கத்து வீட்டுப் பெண் நான்கு முறை மேடை ஏறினாள். கை தட்டினேன், ஆனால் உள்ளே எரிந்தது. இது தப்பா?

எல்லோருக்கும் எரிகிறது, சொல்லிக்கொள்வதில்லை. அந்த எரிச்சலில் பொறாமை கொஞ்சம், கணக்கு நிறைய. கட்டிய ஃபீஸ், டியூஷனுக்கு வண்டியில் கொண்டுவிட்ட நேரம், காலை ஐந்து மணிக்கு எழுப்பி உட்காரவைத்த நாட்கள் எல்லாம் ஒரே நிமிடத்தில் மனதுக்குள் வரவு செலவாக ஓடும். மேடையில் பெயர் வாசிக்கப்படாதது நம் உழைப்புக்கும் சேர்த்துத்தான் என்று படும்.

பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு கிடையாது. வீடு திரும்பும் வழியில் சின்னப் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி பரோட்டாவா ஐஸ்கிரீமா என்பதுதான். பரிசுப் பேச்சை எடுப்பது அநேகமாக நாம்தான். "அவளைப் பாரு, நீயும் இருக்கியே" என்பதைச் சொல்லக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். "அவளுக்கென்ன, டீச்சருக்கு வேண்டியவங்க வீட்டுப் பொண்ணு" என்று சொல்வதும் அதே அளவு கெடுதல். உழைத்தாலும் பயனில்லை என்று பிள்ளை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு பரிசு கொடுத்துவிட்டால் பிரச்சினையே இல்லையே?

எல்கேஜியிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை சரி. அதற்கு மேல் பிள்ளைகள் ஏமாற மாட்டார்கள்.

விழா நாளன்று மேடைக்குப் பின்னால் இருக்கும் பரிசு மேசையை ஒருமுறை பாருங்கள். ஒரே கிஃப்ட் பேப்பரில் சுற்றிய எவர்சில்வர் டப்பாக்கள், ஒவ்வொன்றின் மேலும் பெயரும் வகுப்பும் எழுதிய துண்டுச் சீட்டு, அதன் மேல் செல்லோ டேப். முதல் பரிசு மூடி போட்ட பெரிய டப்பா, இரண்டாவது கொஞ்சம் சின்னது, மூன்றாவது கிண்ணம். 'பங்கேற்றமைக்கு' என்று அச்சடித்த சான்றிதழ் கட்டு தனியாக இருக்கும். பெயர் எழுத விட்ட கோட்டில் பால் பாயிண்ட் பேனாவில் அவசரமாக எழுதியிருப்பார்கள், இனிஷியல் மாறியிருக்கும். நான்காம் வகுப்புப் பிள்ளை அதை வாங்கியதும் பக்கத்திலிருப்பவன் கையில் இருப்பதைத்தான் பார்க்கும். இரண்டும் ஒன்றுதான் என்றால் தன்னுடையதை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளும்.

எல்லோருக்கும் கொடுப்பதைவிட, கொடுப்பதைக் காரணத்தோடு கொடுப்பது மேல். நூலகத்தில் கிழிந்த புத்தகங்களை உட்கார்ந்து ஒட்டியவன், நடுவருடம் வந்து சேர்ந்த பிள்ளையைச் சாப்பாட்டு நேரத்தில் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டவள் என்று ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தால் அதற்கு எடை உண்டு. இதற்கு மேடைகூட வேண்டாம், கடைசி வேலை நாளில் வகுப்பறையிலேயே செய்யலாம். பணச்செலவும் இல்லை. ஆனால் நாற்பத்தைந்து பிள்ளைகளையும் ஆசிரியர் அந்த அளவுக்குக் கவனித்திருக்க வேண்டும். டப்பா வாங்குவது அதைவிடச் சுலபம் என்பதால்தான் பள்ளிகள் டப்பா வாங்குகின்றன.

'சிறந்த மாணவர்' விருது யாருக்குப் போகிறது, எப்படித் தேர்வு செய்கிறார்கள்? பாரபட்சம் உண்டா?

எனக்கு வருகிற போன்களில் பாதிக்கு மேல் இதுதான். விளையாட்டு விழாவில் நூறு மீட்டரில் நான்காவதாக வந்த பிள்ளையின் பெற்றோர் ஒருவரும் எனக்கு போன் செய்ததில்லை. முடிவுக்கோடு எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, யார் முதலில் தொட்டார்கள் என்பதும் தெரிகிறது. 'பெஸ்ட் ஸ்டூடன்ட்', 'ஆல் ரவுண்டர்', 'பெஸ்ட் அவுட்கோயிங் ஸ்டூடன்ட்' போன்றவற்றில் அந்தக் கோடு எங்கே போட்டிருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது. தோற்றதைவிட, எதில் தோற்றோம் என்று தெரியாததுதான் பெற்றோரைக் குடைகிறது.

நடைமுறை பெரும்பாலான பள்ளிகளில் இப்படித்தான்: விழாவுக்குப் பத்து நாள் முன்பு வகுப்பாசிரியர்களிடம் பெயர் கேட்பார்கள். மதிப்பெண்ணில் முன்னால் இருக்கும் நான்கைந்து பெயர்களில் ஒழுங்காக இருக்கும், எல்லாவற்றுக்கும் கை தூக்கும் பிள்ளையின் பெயர் போகும். தலைமையாசிரியர் ஒன்றிரண்டை மாற்றுவார். வேண்டியவர், வேண்டாதவர் என்பது சில இடங்களில் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். ஆனால் அதைவிட அதிகமாக நடப்பது மறதி. கேட்ட நேரத்தில் ஆசிரியருக்கு யார் முகம் நினைவுக்கு வருகிறதோ அந்தப் பெயர்தான் பட்டியலில் ஏறும். சத்தமில்லாமல் இருக்கும் பிள்ளைகள் வருடா வருடம் விடுபடுவது இப்படித்தான்.

சரி, அதைப் பள்ளியில் கேட்கலாமா? கேட்டால் பிள்ளையிடம் காட்டுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

விழா முடிந்த மறுநாள் போய் "என் பையனுக்கு ஏன் தரவில்லை" என்று கேட்காதீர்கள். கொடுத்த பரிசை யாரும் திரும்ப வாங்க முடியாது, ஆசிரியர் தற்காப்புக்குத்தான் போவார். ஜூன் மாதம் முதல் பெற்றோர் கூட்டத்தில், யார் பெயரையும் எடுக்காமல் கேளுங்கள்: "மேம், இந்த வருஷம் பெஸ்ட் ஸ்டூடன்ட் அவார்டுக்கு என்னென்ன பார்ப்பீங்கன்னு இப்பவே சொல்லிட்டா பிள்ளைங்களுக்கும் தெரியுமே." இரண்டு மூன்று பெற்றோர் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. விதி எழுத்தில் வந்துவிட்டால் போதும், அது பாதி சண்டையைத் தீர்க்கும்.

அரசுப் பள்ளியில் இதற்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் இருக்கிறது. அதில் பெரும்பான்மை உறுப்பினர்கள் பெற்றோர்தான்.

ரேங்க் பரிசையே நிறுத்திவிட்டால் என்ன? அரசே நிறுத்திவிட்டதே?

அரசு நிறுத்தியது பொதுத்தேர்வில் மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிப்பதை. 2017-ல் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகள் ரேங்க் பட்டியல் இல்லாமல் வந்தன. அதுவரை முடிவு வரும் நாளில் முதலிடம் பிடித்தவர் வாயில் லட்டு ஊட்டும் படம் எல்லாப் பத்திரிகையிலும் வரும். சிபிஎஸ்இயும் முதலிடப் பட்டியல் வெளியிடுவதில்லை. ஒவ்வொரு பாடத்திலும் மிக அதிக மதிப்பெண் எடுத்த 0.1 சதவீதம் பேருக்குத் தகுதிச் சான்றிதழ் மட்டும் தருகிறது. சிங்கப்பூர் 2012-லிருந்து தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் முதலிடம் யார் என்று சொல்வதை விட்டது. 2019 முதல் அங்கே மதிப்பெண் அறிக்கையில் வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதும் கிடையாது.

தமிழ்நாட்டில் பட்டியல் போனதே தவிர ஆசை போகவில்லை. பள்ளிகள் தங்களுக்குள் மதிப்பெண் விசாரித்து, மறுநாளே 600-க்கு இத்தனை என்று வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டுகின்றன.

பள்ளிக்குள் கொடுக்கும் ரேங்க் பரிசைப் பற்றி என் கருத்து இது: ஒன்பதாம் வகுப்புக்கு மேல் இருந்துவிட்டுப் போகட்டும், ஏனென்றால் அதற்கு ஒரு தெளிவான கோடு இருக்கிறது. கீழ்வகுப்புகளில் தேவையில்லை. மதிப்பெண் அட்டை ஏற்கெனவே சொல்லிவிட்டதை மைக்கில் இன்னொரு முறை சொல்வதால் யாருக்கும் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை.

பரிசு இருந்தால்தானே பிள்ளைகள் ஊக்கமாகப் படிப்பார்கள்?

எப்போதும் இல்லை. 1973-ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு மழலையர் பள்ளியில் சோதித்தார்கள். வண்ணப் பேனாவால் படம் வரைவதில் தானாகவே ஆர்வமுள்ள பிள்ளைகளாகப் பார்த்து எடுத்தார்கள். ஒரு குழுவிடம் வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் உண்டு என்று முன்னாலேயே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் வரைந்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாதபோது, பரிசு உண்டு என்று முன்னாலேயே கேட்ட குழு, மற்ற இரண்டு குழுக்கள் வரைந்த நேரத்தில் கிட்டத்தட்ட பாதி நேரம்தான் வரைந்தது. சும்மா பிடித்துச் செய்துகொண்டிருந்தது பரிசுக்கான வேலையாக மாறிவிட்டது.

ஆனால் இதைப் பிடிக்காத வேலைக்கு அப்படியே பொருத்த முடியாது. வாய்ப்பாடு மனப்பாடம் செய்வதற்கு ஆரம்பத்தில் ஒரு சின்னத் தூண்டில் உதவலாம். ஏற்கெனவே பிடித்துச் செய்வதற்குக் கூலி கட்டும்போதுதான் ஆபத்து. கதைப் புத்தகம் தானாகப் படிக்கிற பிள்ளைக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கும் அப்பாக்கள் இதைக் கவனிக்கவும்.

'ஒரு நாளும் விடுப்பு எடுக்காதவர்' பரிசுக்காக மகள் காய்ச்சலோடு போகிறேன் என்கிறாள்.

விடாதீர்கள். அம்மை, மெட்ராஸ் ஐ காலத்தில் ஒரு பிள்ளையின் நூறு சதவீத வருகை பத்துப் பிள்ளைகளின் விடுப்பாக மாறும். அதோடு, இந்தப் பரிசு பெரும்பாலும் உடம்பு நன்றாக இருக்கும் பிள்ளைக்கும், ஊரில் சாவு, கல்யாணம் எதுவும் வராத குடும்பத்துக்கும் போகிற பரிசு. ஆஸ்துமா உள்ள பிள்ளை என்ன செய்யும்?

அது வேலை செய்கிறதா என்றாலும் சந்தேகம்தான். அமெரிக்காவில், கலிஃபோர்னியாவில், 15,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் செய்த ஓர் ஆய்வு 2021-ல் வெளியானது. வந்தால் விருது உண்டு என்று முன்னாலேயே சொன்னதால் வருகை கூடவில்லை. ஒரு மாதம் முழுதாக வந்ததற்குப் பின்னால் எதிர்பாராமல் விருது கொடுத்தபோது, வாங்கியவர்கள் அடுத்த மாதம், அதேபோல் வந்தும் விருது வாங்காதவர்களைவிட அதிகமாக விடுப்பு எடுத்தார்கள். மற்றவர்களைவிட நாம் அதிகம் வந்துவிட்டோம், இவ்வளவு தேவையில்லை போலிருக்கிறது என்று அவர்கள் புரிந்துகொண்டதாக ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். எந்தப் பிள்ளையும் அப்படித்தான் யோசிக்கும்.

ஒரே வீட்டில் அக்காவுக்கு மூன்று பரிசு, தம்பிக்கு ஒன்றும் இல்லை. என்ன செய்வது?

அக்காவின் பரிசைக் குறைத்துப் பேசாதீர்கள். தம்பி அழுவான் என்று அவளுடைய கேடயத்தைப் பீரோவுக்குள் வைப்பது அவளுக்குச் செய்யும் அநியாயம். அதே நாளில் தம்பிக்கு ஈடாக ஒரு பொம்மை வாங்கித் தருவதும் வேண்டாம், அது எதற்கு என்று அவனுக்குத் தெரியும். அன்று அவள் நாள். அவன் நாள் வேறு ஒரு நாள் வரும், அப்போது அவளை அழைத்துப்போய்க் கை தட்டவையுங்கள். வீட்டுக்கு வரும் பாட்டி, சித்தி, மாமாக்களிடம் மட்டும் முன்னாலேயே சொல்லிவையுங்கள். "நீ என்னடா வாங்கினே?" என்று கேட்பது எப்போதும் அவர்கள்தான்.

என் மகள் நிறைய பரிசு வாங்கினாள். ஸ்டேட்டஸ் போடலாமா, மற்றவர்கள் தப்பாக நினைப்பார்களா?

போடுங்கள். சந்தோஷத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மட்டும் வேண்டாம். அங்கே வாங்காத பிள்ளைகளின் பெற்றோர் எல்லோரும் "சூப்பர்", "வாழ்த்துகள்" என்று போட்டே ஆக வேண்டிய கட்டாயம் வந்துவிடும்.

பள்ளி வாசல் பேனரில் பிள்ளை படம் போட அனுமதி கேட்கிறார்கள்.

முதலில் பிள்ளையைக் கேளுங்கள், பதினைந்து வயதுக்கு அதில் கூச்சமும் இருக்கலாம். பேனர் பிள்ளையைப் பாராட்டுவதற்கு என்பது பாதி உண்மை; அடுத்த வருட அட்மிஷனுக்கு என்பது மீதி. பெயரும் மதிப்பெண்ணும் போதும், வீட்டு முகவரி, அப்பா தொழில் எல்லாம் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. இலங்கையில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் (ஐந்தாம் வகுப்பு உதவித்தொகைத் தேர்வு) வெட்டுப்புள்ளிக்கு (கட்-ஆஃப்) மேல் எடுத்த பத்து வயதுப் பிள்ளைகளின் படங்களே இப்படித் தொங்குகின்றன. அந்த வயதில் நிச்சயம் வேண்டாம் என்பேன்.

மதிப்பெண் குறைந்தவர்களை விழாவில் எழுந்து நிற்கச் சொன்னார்கள். இது சரியா?

இல்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 17 உடல் ரீதியான தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. முதலில் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். பதில் இல்லையென்றால் மாவட்டக் கல்வி அலுவலகம். இதில் மட்டும் பொறுமையாக இருக்கச் சொல்ல மாட்டேன்.

கற்றல் குறைபாடுள்ள என் மகனுக்கு இந்த மேடையில் இடமே இல்லையே?

டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம்) உள்ள மாணவர்களுக்குப் பொதுத்தேர்விலேயே கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு என்று சலுகைகள் இருக்கின்றன. தேர்வே விதியை மாற்றிக்கொள்ளும்போது பரிசு மாற்றிக்கொள்ளக் கூடாதா என்று கேளுங்கள். அரசுப் பள்ளி என்றால் 2022-23 முதல் நடக்கும் கலைத் திருவிழாவை விட்டுவிடாதீர்கள். பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போகும். பறை, களிமண் சிற்பம், தனிநடிப்பு என எழுத்தே தேவைப்படாத போட்டிகள் அதில் நிறைய.

யூகேஜிக்கு கவுன், தொப்பி போட்டுப் பட்டமளிப்பு விழா வைக்கிறார்கள். வாடகையும் வாங்குகிறார்கள்.

படம் நன்றாக வரும். அவ்வளவுதான். கட்டணம் கஷ்டமாக இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், கேட்பது நீங்கள் மட்டுமாக இருக்காது.

பள்ளிக்கு வெளியே சங்கங்கள், கடைகள், கோச்சிங் சென்டர்கள் கொடுக்கும் பரிசுக்குப் போகலாமா?

ரிசல்ட் வந்ததும் சமுதாயச் சங்கம், நகைக்கடை, நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையம், அரசியல்வாதிகள் என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். 2023 ஜூனில் நடிகர் விஜய் சட்டமன்றத் தொகுதிவாரியாக மாணவர்களை வரவழைத்துப் பரிசு கொடுத்த பிறகு இது இன்னும் கூடியிருக்கிறது. போவது உங்கள் இஷ்டம். யார் எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்பதைப் பிள்ளையிடமும் பேசிவிட்டுப் போங்கள். பயிற்சி மையம் என்றால், தங்களிடம் படித்த மாணவர் என்று விளம்பரத்தில் போட்டுக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டு மேடை ஏறுங்கள்.

மேடை இல்லாத அங்கீகாரத்தையும் பாருங்கள். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேர்வாகும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வருகிறது. பதினொன்றாம் வகுப்பில் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு எழுதித் தேர்வாகும் 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு வருடத்துக்கு. இதற்கு யாரும் பொன்னாடை போர்த்துவதில்லை, அதனால் பல வீடுகளில் விண்ணப்பத் தேதி போவதே தெரிவதில்லை.

வீட்டில் கேடயங்கள் குவிந்துவிட்டன. எடைக்குப் போடலாமா?

பிள்ளையைக் கேட்காமல் போடாதீர்கள். வேண்டாம் என்றால் அடிப்பாகத்தில் இருக்கும் பெயர்த்தகட்டை மட்டும் கழற்றி எடுத்துவைத்துக்கொண்டு மீதியைப் பள்ளி விளையாட்டு ஆசிரியரிடம் கொடுங்கள். கேடயக் கடைகளில் புதுத் தகடு அடித்து ஒட்டித்தருவார்கள், வகுப்புகளுக்கு இடையே நடக்கும் கபடிக்கும் கோகோவுக்கும் ஆகும். துருப்பிடித்ததும் உடைந்ததும் இருந்தால் கொடுக்க வேண்டாம்.